கதவு எந்தப் பக்கம்

எங்கள் வரிசையில் ஏழாம் நம்பர் வீட்டுப் புவனேஸ்வரன் டாங்கி செய்கிறவர். நிஜ டாங்கி இல்லை, உள்ளங்கையில் உட்காருகிற பிளாஸ்டிக் டாங்கி. சிரம்பானை ஒட்டிய அம்பாங்கானில் இருபத்திரண்டு வருடமாக நான் அவருக்குப் பக்கத்து வீடு. குடி கிடையாது, சீட்டு கிடையாது, வாய்ச்சண்டை கிடையாது. சாப்பாட்டு மேசையில் பாதியை டாங்கிகளுக்கு எடுத்துக்கொண்டார் என்பது ஒன்றுதான் அவர் மேல் அவர் மனைவி புனிதாவுக்கு உள்ள புகார். இன்னொன்றும் உண்டு. வீட்டு டீ வடிகட்டியில் செம்மண் சலிப்பார்.

வயது ஐம்பத்தொன்று. லோபாக்கில் ஒரு கார் பட்டறையில் பெயிண்ட் கலக்கும் வேலை. நசுங்கிப்போன கதவை மாற்றினால் புதுக் கதவின் நிறம் பழைய காரோடு ஒட்ட வேண்டும். பத்து வருடம் வெயிலில் நின்று வெளுத்த சிவப்பு எந்த டின்னிலும் கிடைக்காது. கம்ப்யூட்டர் ஒரு கணக்குச் சொல்லும். இவர் கதவை ஒரு தடவை பார்த்துவிட்டு இரண்டு சொட்டுக் கறுப்பு கூடுதலாக விடுவார். காய்ந்த பிறகு எந்தக் கதவு புதுசு என்று முதலாளிக்கே தெரியாது.

அந்தக் கண்ணைத்தான் வீட்டுக்கு வந்து டாங்கிகளுக்குக் கொடுக்கிறார். கண்ணாடி அலமாரியில் நாற்பத்து மூன்று வண்டிகள் நிற்கின்றன. பெட்டியில் வருகிற துண்டுகளை ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நான் நினைத்திருந்தேன். ஒட்டுவது வேலையே இல்லை அண்ணே என்று ஒருநாள் அலுத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதானாம் எல்லாம். அந்த வண்டி எந்த ஊரில், எந்த வருடத்தில் நின்றது, மழைக்காலமா, வெயிலா, எந்தப் பக்கம் அடி வாங்கியது, எங்கே எண்ணெய் ஒழுகியது, படைவீரன் தன் போர்வையை எந்தக் கொக்கியில் தொங்கவிட்டான், எல்லாவற்றையும் பழைய புகைப்படங்களைப் பார்த்துத்தான் செய்வார். அதற்கென்று இருபத்தாறு கோப்புகள் வைத்திருக்கிறார். ஒரே டாங்கிக்கு முன்னால், பின்னால், பக்கவாட்டில், எரிந்த பிறகு என்று நூறு படங்கள். ஒரு மூடியில் ஆறு ஆணியா எட்டு ஆணியா என்று போலந்து நாட்டுக்காரர் ஒருவரோடு இணையத்தில் நான்கு மாதம் வாக்குவாதம் செய்திருக்கிறார். எட்டு. புவனேஸ்வரன் சொன்னதுதான் சரி. அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு லட்டு வந்தது.

அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான். படத்தில் இல்லாதது வண்டியில் இருக்கக் கூடாது, படத்தில் இருப்பது வண்டியில் விட்டுப்போகக் கூடாது. மனிதன் ஞாபகத்தில் இருந்து சொல்வதை அவர் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ள மாட்டார். ஞாபகம் புளுகும், படம் புளுகாது என்பார். அவரை அறியாமலேயே கொஞ்சம் கர்வம் அந்தப் பேச்சில் இருக்கும். எனக்கு அது பிடிக்காது, ஆனாலும் எட்டு ஆணி விஷயத்துக்குப் பிறகு நான் வாயைத் திறப்பதில்லை.

போன வருடம் ஜனவரியில் எட்மண்ட் சார் அவரைத் தேடி வந்தார். சிரம்பானில் ஓய்வு பெற்ற ஆசிரியர், எழுபத்திரண்டு வயது, இஸ்திரி கலையாத சட்டை, வெள்ளை முடியை வலது பக்கம் வகிடு எடுத்துப் படிய வாரியிருப்பார். அவர் படித்த தோட்டத் தமிழ்ப்பள்ளிக்குத் தொண்ணூறு வயது ஆகிறது. ரெம்பாவ் பக்கம் புக்கிட் செராயா தோட்டம், இப்போது முழுக்க எண்ணெய்ப்பனை. பள்ளி மட்டும் நிற்கிறது. விழாவுக்குப் பள்ளியில் ஓர் அறையை ஒதுக்கித் தோட்டத்துச் சாமான்களை வைக்கப் போகிறார்கள். அதில் டாங்கியும் இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

டாங்கி என்று தோட்டத்தில் சொன்னது ஒரு லோரியை. வெள்ளைக்காரன் ஆட்சியில் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில், சாலையில் அவர்கள் சுடுவார்கள் என்ற பயத்தில், தோட்டத்துப் பட்டறையிலேயே பழைய லோரி ஒன்றுக்கு நாலா பக்கமும் இரும்புத் தகடு அடித்தார்கள். முன்னால் பார்ப்பதற்கு இரண்டு கீறல் சந்து. இரண்டு கதவு வைத்தால் குண்டு நுழைய இரண்டு ஓட்டை என்று ஒரு பக்கத்தை அடைத்துவிட்டு ஒரே ஒரு கதவு வைத்தார்கள். எட்மண்டின் தகப்பனார் சாமுவேல் அந்தத் தோட்டத்துக் கிராணி, அதாவது ஆபீஸ் கணக்குப்பிள்ளை. 1952-இல் ரெம்பாவுக்குச் சாமான் எடுக்கப் போனபோது, சாலையில் குறுக்கே மரம் கிடந்தது. லோரி நின்றதும் சுட்டார்கள். உள்ளே இருந்தது இரண்டே பேர், டிரைவர் மாயாண்டியும் கிராணியும். கிராணி செத்தார், உடல் சாலையோரத்து வாய்க்காலில் கிடந்தது. மாயாண்டி பிழைத்தார். லோரியைக் கொளுத்திவிட்டார்கள். அப்போது எட்மண்டுக்குப் பத்து மாதம்.

அவர் பிளாஸ்டிக் உறையில் இருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து மேசையில் வைத்தார். அஞ்சலட்டை அளவு. 1951 என்று பின்னால் மசிப் பேனாவில் எழுதியிருந்தது. ரப்பர் மரங்களுக்கு முன்னால் அந்த இரும்பு லோரி நிற்கிறது. அதன் முன்பக்கமும் வலது பக்கமும் தெரிகிறது. வலது பக்கத்தில் கதவு. கதவுக்குப் பக்கத்தில் இளைஞரான கிராணி ஒரு கையைத் தகட்டில் ஊன்றி நிற்கிறார். காலடியில் எழுத்தில்லாத ஒரு மண்ணெண்ணெய் டின். வண்டியின் நம்பரைத் தகடு மூடியிருக்கிறது. அந்த வண்டிக்கும் சரி, எட்மண்டின் அப்பாவுக்கும் சரி, உலகத்தில் இருப்பது இந்த ஒரு படம்தான்.

புவனேஸ்வரன் படத்தைக் கையில் எடுத்த விதத்திலேயே தெரிந்துவிட்டது, இனி ஆறு மாதத்துக்கு ஆள் நமக்குக் கிடைக்கமாட்டார் என்று. பெட்டியில் வராத வண்டி, ஒரே படம், அளவு கூடக் கிடையாது. அவர் முதல் வேலையாகப் பழைய சாமான் கடைக்குப் போய் ஒரு மண்ணெண்ணெய் டின் வாங்கி வந்து அளந்தார். உயரம் பதினான்கு அங்குலம். டின்னின் உயரத்தை வைத்துச் சக்கரம், சக்கரத்தை வைத்துக் கதவு, கதவை வைத்து முழு வண்டி என்று ஒரு வாரம் கோடு போட்டார். நிஜத்தில் பதினாறில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட ஒரு முழ நீளம். பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, ஊசியால் பின்பக்கம் குத்தி ஒவ்வொரு ஆணித் தலையையும் எழுப்பினார். முந்நூற்றுப் பன்னிரண்டு ஆணி. எண்ணச் சொல்லி என்னையும் உட்கார வைத்தார்.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரெம்பாவில் இருந்து மாரியம்மா வந்தார். மாயாண்டியின் மகள், எழுபத்தெட்டு வயது. முப்பத்தோரு வருடம் அதே தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். தோட்டத்துப் பழைய ஆட்களுக்கு ஒரு வாட்சாப் குழு இருக்கிறது, டாங்கி செய்கிற செய்தி அதில் ஓடியிருக்கிறது. மகளை இழுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார். புனிதா கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டே அவர் சொன்ன விஷயம் எங்கள் இருவருக்கும் புதிது.

மாயாண்டி உயிரோடு இருந்தவரை அவரை யாரும் ஒன்றும் சொன்னதில்லை. அவர் 1975-இல் இறந்துபோனார். 1984-இல் பள்ளிக்குப் பொன்விழா மலர் வந்தது. அதில் எட்மண்ட் இந்தப் படத்தைப் போட்டு ஒரு கட்டுரை எழுதினார். வண்டிக்கு ஒரே கதவு, அது வலது பக்கம், நம் நாட்டு லோரியில் வலது பக்கம் டிரைவர். ஆக, கதவைத் திறந்து டிரைவர் முதலில் வெளியேறினார், உள்பக்கம் மாட்டிக்கொண்ட கிராணி பின்னால் இறங்கும்போது சுடப்பட்டார் என்று அதில் இருந்தது. கோழை என்ற வார்த்தை இல்லை. தேவையும் படவில்லை. அதற்குள் பழைய ஆட்கள் சிதறி, அந்த வண்டியைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அதிலிருந்து மாரியம்மா, ஓடிப்போன டிரைவரின் மகள். அவருடைய தம்பிக்குப் பேசி முடித்த பெண் வீட்டார் அந்த மலரைப் படித்துவிட்டு விலகிக்கொண்டார்கள். அந்த வருடம் தகப்பனுக்குத் திதி கொடுத்த அன்று தோட்டத்து ஆட்களில் இரண்டு பேர்தான் வந்தார்கள்.

"எங்கப்பா எங்கம்மாகிட்ட சொன்னது எனக்குத் தெரியும் தம்பி. கதவு கிராணி பக்கந்தான். குண்டு பட்டு அவரு கதவுமேலயே சாஞ்சுட்டாரு. எங்கப்பாதான் அவர தாண்டி கைய விட்டுக் கதவத் தொறந்து, அவரையும் இழுத்துக்கிட்டு கானுக்குள்ள விழுந்தாரு. நாங்க அங்க போய்ச் சண்ட போடல. நீங்க செய்யிறதுல சரியா வைங்க, அவ்வளவுதான்."

கான் என்றால் சாலையோரத்து வாய்க்கால்.

புவனேஸ்வரன் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கணினியில் படத்தைக் காட்டுகிறேன் வாங்கம்மா என்றார். அந்தப் படம் எங்கள் குடும்பத்தைத் தலைகுனிய வைத்த படம், செத்தாலும் பார்க்கமாட்டேன் என்று மாரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவர் விடவில்லை. அப்பா சொன்னது எழுபது வருடம் கழித்து வேறு மாதிரி ஞாபகத்தில் தங்கியிருக்கும், யார் மேலும் தப்பில்லை, ஆனால் படத்தில் கதவு வலது பக்கம் இருக்கிறது என்றார்.

"எனக்குக் கஷ்டமாத்தான்மா இருக்கு. ஆனா படத்துல உள்ளததான் நான் செய்ய முடியும்."

மாரியம்மா டீயை முழுதாகக் குடித்துவிட்டு எழுந்தார். கோபப்படவில்லை. செய்து முடித்ததும் ஒரு தடவை எனக்குக் காட்டுங்கள், அப்பா ஓட்டின வண்டிக்கு உள்ளே நான் ஏறியதே இல்லை, பிள்ளைகளைக் கிட்டே விடமாட்டார்கள் என்று மட்டும் கேட்டார். காட்டுவதாக இவர் வாக்குக் கொடுத்தார். அவர்கள் போன பிறகு புனிதா டம்ளரைக் கழுவிக்கொண்டே, அந்த அம்மா பொய் சொல்கிற ஆளாகத் தெரியவில்லையே என்றார். பொய் என்று நான் எங்கே சொன்னேன் என்று இவர் குரலை உயர்த்தினார். அந்த வீட்டில் இருந்து குரல் உயர்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வேலை நடந்தது. வண்டி முடிந்து பெயிண்ட் அடித்து, தகட்டு ஓரங்களில் துரு ஏற்றி, ரெம்பாவ் சாலையோரத்தில் எடுத்த செம்மண்ணைச் சலித்துச் சக்கரங்களில் பூசினார். நடுவில் ஒரு சின்ன விஷயம் அவரைக் கொஞ்ச நாள் அரித்தது. அந்தக் கம்பெனி லோரியில் பெட்ரோல் ஊற்றும் வாய் எப்போதும் ஒரு பக்கம்தான் இருக்குமாம். படத்தில் அது மறுபக்கம் இருந்தது. தகடு அடிக்கும்போது பட்டறைக்காரர்கள் மாற்றியிருப்பார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு படத்தில் உள்ள மாதிரியே வைத்துவிட்டார். பிறகு மரங்கள். பின்னால் ஐந்து ரப்பர் மரம் தெரிகிறது. நாற்பத்து மூன்று வண்டியில் எதற்கும் அவர் மரம் வைத்ததில்லை. மெல்லிய கட்டையில் தண்டு செய்து, மேலே பூச்சுக் கொடுத்து, பட்டையில் பால் வெட்டிய கோட்டைப் பெரிய கண்ணாடி வைத்துப் படத்தைப் பார்த்துப் பார்த்துக் கீறினார். கோட்டின் கீழ் நுனியில் பால் பிடிக்கும் கிண்ணமான மங்கும் வைத்தார். மங்கு ஒவ்வொன்றும் மிளகு அளவுதான்.

நாங்கள் இருவருமே தோட்டத்தில் பிறந்தவர்கள். பிறப்புப் பத்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது. அவர் ஐந்து வயதில் டவுனுக்கு வந்துவிட்டார், நான் ஏழில். கிராணி வீட்டுப் பிள்ளையான எட்மண்ட் சார் பால் வெட்டும் உளியைத் தொட்டிருக்கவே வழியில்லை. மூன்று பேரும் அந்த மரங்களை மாறி மாறிப் பார்த்துப் பிரமாதம் என்றோம்.

ஜூனில் ஒரு சனிக்கிழமை ரெம்பாவுக்குக் கிளம்பினோம். அவரிடம் மோட்டார் சைக்கிள் மட்டும்தான், அதனால் என் காரின் பின்சீட்டில் டாங்கியை வைத்து பெல்ட் போட்டுக் கட்டினார். வழிநெடுக மெதுவாப் போங்கண்ணே என்ற பல்லவிதான். மாரியம்மா வீட்டு ஹாலில் மேசையைத் துடைத்து வைத்திருந்தார்கள். பெட்டியைத் திறந்து வெளியே எடுத்து வைத்தோம்.

மாரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். வண்டியைப் பார்த்தார் என்று சொல்ல முடியாது. கண் நேராக மரத்துக்குப் போனது. முதல் மரத்தைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார், பிறகு கட்டை விரல் நகத்தை வெட்டுக் கோட்டில் வைத்து மேலிருந்து கீழே இழுத்தார்.

"இந்த மரத்த யாரு தம்பி வெட்டுனது?"

நான்தாம்மா என்றார் புவனேஸ்வரன், பாராட்டுக்குத் தயாராக.

"தப்பா வெட்டியிருக்கீங்க."

படத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று இவர் சிரித்தார். மாரியம்மா சிரிக்கவில்லை.

"இருக்காதுலா. மரத்துக்கு முன்னால நின்னா இடது கை பக்கம் மேல, வலது கை பக்கம் எறக்கம். அப்பதான் பால் வரும். வலதுலருந்து இடதுக்கு எறக்கி எந்தத் தோட்டத்துலயும் வெட்டமாட்டாங்க. ஒரு மரத்த இப்படி வெட்டுனா மேல பாக்குற மண்டோர் அன்னிக்கே மர நெரைய விட்டு நம்மள எறக்கிடுவான். நீங்க அஞ்சு மரத்தையும் வெட்டி வச்சிருக்கீங்க."

புவனேஸ்வரனின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது, பிறகு மெல்ல இறங்கியது. பையில் இருந்து கைத்தொலைபேசியை எடுத்து அந்தப் படத்தைத் திறந்தார். மரங்களைப் பெரிதாக்கினார். ஐந்து மரத்திலும் கோடு வலது மேலிருந்து இடது கீழாகத்தான் இறங்கியது. அவர் கீறியதில் பிழையில்லை. பிறகு கிராணியின் சட்டையைப் பெரிதாக்கினார். பை வலது மார்பில் இருந்தது. ஆண்கள் சட்டையில் பை இடது மார்பில்தான் இருக்கும், என் சட்டையிலும் அவர் சட்டையிலும் அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. ஐந்து மாதமாக அந்தப் படத்தோடு குடித்தனம் நடத்தியவர் அதைப் பார்த்திருக்கிறார், பார்த்தும் யோசிக்கவில்லை. ஒரு பொத்தானைத் தட்டிப் படத்தை இடம் வலமாகத் திருப்பினார். பை இடது மார்புக்குப் போனது. மரத்துக் கோடுகள் மாரியம்மா சொன்ன மாதிரி சாய்ந்தன. பெட்ரோல் வாய் கம்பெனி வைத்த பக்கத்துக்கே போனது.

"அண்ணே, ஸ்டூடியோக்காரன் நெகடிவ்வத் திருப்பி வச்சுப் பிரிண்ட் போட்டுட்டான்," என்றார் என்னிடம்.

அப்படியானால் கதவு என்று நான் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் மாரியம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"கதவு இடது பக்கம்மா. கிராணி பக்கம்."

"அதத்தான தம்பி அன்னிக்கே சொன்னேன்," என்றார் மாரியம்மா.

கதவு கிராணி பக்கம் என்றால், அவரைத் தாண்டாமல் மாயாண்டி வெளியே வந்திருக்கவே முடியாது. கிராணியை உள்ளே விட்டுவிட்டு ஓட வழியே இல்லை. மாரியம்மா சொன்னபடியே, கானில் கிடந்த உடலை அங்கே கொண்டுபோனது மாயாண்டிதான். நாற்பது வருடமாக ஒரு குடும்பத்தின் தலையில் கிடந்த பாரம் ஒரு மரத்துக் கீறலில் போய் நின்றது. புவனேஸ்வரன் மாரியம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். நான் உங்கள் பேச்சை மதிக்கவில்லை என்று பச்சையாகவே சொன்னார். மாரியம்மா அழுவார் என்று நான் நினைத்தேன். இப்போது அந்தப் படத்தைக் காட்டுங்கள், பார்க்கிறேன் என்றார்.

திரும்பி வரும்போது புவனேஸ்வரன் நேராக எட்மண்ட் சார் வீட்டுக்குப் போகச் சொன்னார். நாளைக்குப் போகலாமே என்றேன். இல்லை அண்ணே, நாளைக்கு எனக்குத் தைரியம் இருக்காது என்றார்.

எட்மண்ட் முதலில் ஏற்கவில்லை. அது அம்மா பைபிளுக்குள் வைத்துக் காப்பாற்றிய படம், அதைத் தப்பு என்று சொல்ல உங்களுக்கு என்ன உரிமை என்று சீறினார். புவனேஸ்வரன் வாதாடவில்லை. திருப்பிய படத்தை எட்மண்டின் கணினியில் முழுத்திரையில் வைத்துவிட்டு, மரத்தையும் பையையும் பெட்ரோல் வாயையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். பிறகு விலகி நின்றார். எட்மண்ட் மரத்தையும் பார்க்கவில்லை, பையையும் பார்க்கவில்லை. தன் தகப்பனாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பியதில் கிராணியின் வகிடு இடது பக்கம் வந்திருந்தது. எட்மண்டின் கை தானாக எழுந்து தன் தலையில் வலது வகிட்டின் மேல் போய் உட்கார்ந்தது. பத்து வயதில் அந்தப் படத்தை முன்னால் வைத்து, அப்பாவுக்கு வலது என்றால் எனக்கும் வலது என்று தலை சீவப் பழகியவர் அவர். அதை அவரே பிறகு சொன்னார்.

தலையில் இருந்து கையை எடுத்து, நான் எழுதினேனே, அச்சுப் போட்டு எழுதினேனே என்றார். யாரையும் கேட்காமல் எழுதினேன் என்றும் சொன்னார். மாயாண்டியின் மனைவி அப்போது தோட்டத்தில் உயிரோடு இருந்தாராம். அன்றைக்கு இவர் வேலை பார்த்த ரெம்பாவில் இருந்து தோட்டம் எட்டு மைல். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அடுத்த வாரம் எங்கள் மூவரையும் என் கார்தான் சுமந்தது. எட்மண்ட் சார் மாரியம்மாவின் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. அங்கேயே நின்று பேசினார்.

"அக்கா, நான் எழுதுனது தப்பு. உங்கப்பாவப் பத்தி ஒண்ணும் தெரியாம எழுதிட்டேன்."

மாரியம்மா கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டே சொன்னார். "அன்னிக்கு எங்கப்பா வீட்டுக்கு வந்தப்ப சட்ட பூரா ரத்தம். எங்கம்மா மூணு தடவ தொவைச்சும் போகல. எனக்கு ஆறு வயசு, நான்தான் தண்ணி எறைச்சேன். அவரு மேல ஒரு கீறல் இல்ல. அது உங்கப்பா ரத்தம் சார். தூக்காம எப்படி ஒட்டும்?"

எட்மண்ட் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதார். சத்தம் போட்டே அழுதார். நானும் புவனேஸ்வரனும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மாரியம்மா அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்தார்.

டாங்கியைத் திருத்துவது லேசான வேலையாக இல்லை. ஒரு பக்கத் தகட்டை முழுதாகப் பெயர்த்து, மறுபக்கத்தில் கதவு வெட்டி, ஆணிகளைத் திரும்பக் குத்தி, துருவையும் சேற்றையும் முதலில் இருந்து ஏற்ற வேண்டியிருந்தது. பட்டறையில் இரண்டு வாரம் லீவு எடுத்தார். ஐந்து மரங்களையும் பிடுங்கிவிட்டுப் புதுசாக ஐந்து தண்டு செய்தார். ஆனால் அவற்றில் அவர் கோடு போடவில்லை. ரெம்பாவுக்கு எடுத்துப் போய், தன் சின்னக் கத்தியோடு மாரியம்மா முன்னால் வைத்துவிட்டார். கத்தியைப் பார்த்து அந்த அம்மா முதலில் கேலி செய்தார், இதில் வெங்காயம் கூட வெட்ட முடியாது என்று. பிறகு தண்டை மடியில் நிறுத்திப் பிடித்து, இடது மேலிருந்து வலது கீழாக ஒரே இழுப்பில் இழுத்தார். ஐந்தும் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ஒரே சாய்வு, ஒரே ஆழம். புவனேஸ்வரனுக்கு அது மூன்று நாள் வேலை.

இப்போது அவருடைய கோப்புகளில் ஒரு மாற்றம் இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் பென்சிலால் ஒரு வரி எழுதுகிறார், யாரைக் கேட்டேன் என்று. பல படங்களுக்கு அந்த வரி காலியாகத்தான் இருக்கிறது. போலந்துக்காரருக்கு எழுதி, அங்கே வயதான டாங்கி மெக்கானிக்குகள் யாராவது இருக்கிறார்களா என்று விசாரிக்கிறாராம். புனிதாவுக்குப் புது டீ வடிகட்டியும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். பழையது நிரந்தரமாகச் செம்மண்ணுக்குப் போய்விட்டது.

செப்டம்பரில் பள்ளி விழா. அந்த அறையில் பழைய உளி, மங்கு, துரை வீட்டுக் கடிகாரம் எல்லாவற்றுக்கும் நடுவில் டாங்கி கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றது. கதவு இடது பக்கம். அதன் முன்னால் ஒரு பலகை. பலகையில் என்ன எழுதுவது என்று எட்மண்டும் மாரியம்மாவும் பேசி முடிவு செய்திருந்தார்கள். பழைய ஆட்களும் அவர்கள் பிள்ளைகளுமாக நூறு பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். பொன்விழா மலரைப் படித்தவர்களும் அதில் இருந்தார்கள். எட்மண்ட் சார் முன்னால் வந்தார். அன்றைக்கு அவர் வகிடு இடது பக்கம் இருந்தது. பழகாத முடி அங்கங்கே தூக்கிக்கொண்டு நின்றது. மலரில் தாம் எழுதியது தவறு என்றும், அது எப்படித் தெரியவந்தது என்றும் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பலகையை வாசித்தார். ஓட்டியவர் மாயாண்டி. உடன் சென்றவர் கிராணி சாமுவேல். 1952-இல் சுடப்பட்ட கிராணியை மாயாண்டி வண்டியில் இருந்து வெளியே கொண்டுவந்தார். வண்டி செய்தவர் புவனேஸ்வரன். மரம் வெட்டியவர் மாரியம்மா, மாயாண்டி மகள்.

கடைசி வரி வரும்போது அவர் குரல் உடைந்து உள்ளே போய்விட்டது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த மாரியம்மா கையைத் தூக்கினார்.

"சார், இன்னொரு தடவ வாசிங்க. பின்னால உள்ளவங்களுக்குக் கேக்கல."

எட்மண்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு, மைக்கைக் கிட்டே இழுத்து, முதல் வரியில் இருந்து மறுபடியும் வாசித்தார்.